செயலாளர் தேர்ந்தெடுத்த ஃப்ரேம்வொர்க்

“மூணுல உங்களுக்கு இதுதான் ஒத்துவராதுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்றேன். அதையே பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்களே” என்று மகள் கத்தினாள்.

“நிக்கறேன். எனக்கு அதுதான் வேணும்” என்று அப்பா அதைவிடச் சத்தமாகச் சொன்னார்.

எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. என் வாசலில் பெருக்குவதற்கு ஒன்றுமில்லை. இருந்தாலும் பெருக்கினேன்.

எதிர்வீட்டுக்காரர் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். குழாய் ஒழுகினாலும் லிஃப்ட் நின்றாலும் அவர் கதவைத்தான் எல்லோரும் தட்டுவோம். இனிமேல் தட்ட வேண்டாம், புகாரைக் கைப்பேசியிலேயே எழுதிப் போட ஒரு ஆப் இருக்கட்டும் என்று சங்கக் கூட்டத்தில் முடிவாகியிருந்தது.

எழுதித் தருவதாக மகள் ஒப்புக்கொண்டாள். மென்பொருள் கம்பெனியில் வேலை. ஊரின் மறுகோடியில் தோழிகளோடு அறை. அம்மா போய்ச் சேர்ந்த பிறகு இந்தப் பக்கம் அவள் தலை தெரிவது ஆடிக்கொரு தரம், அமாவாசைக்கொரு தரம்.

சண்டை எதற்கென்றால், ஜாவாஸ்கிரிப்ட் ஃப்ரேம்வொர்க் என்று ஒன்று இருக்கிறதாம். வீடு கட்டுகிறவன் முதலில் தூணும் உத்தரமும் நிறுத்துகிற மாதிரி, அதை நிறுத்திவிட்டு அதன்மேல் ஆப்பைக் கட்டுவார்களாம். மூன்றில் எது என்பதுதான் வழக்கு. நானும் என் வீட்டுக்காரரும் திரைச்சீலைக்கு நிறம் பார்த்த நாளில்கூட இவ்வளவு சத்தம் வரவில்லை.

“நாலு பக்கம் இருக்கற ஆப்புக்கு எதுக்குப்பா ஃப்ரேம்வொர்க்? கொசு அடிக்க பீரங்கியா? ஒண்ணுமே இல்லாம வெறுமனே எழுதித் தரேன். பத்து வருஷத்துக்கு யாரும் தொட வேண்டாம்.”

“முப்பது வருஷம் கம்ப்யூட்டரோட குப்பை கொட்டினவன் நான். எனக்குத் தெரியாதா?”

“அப்ப காரணத்தைச் சொல்லுங்க.”

உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

“டீ போடட்டுமா?” என்றார் அவர்.

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிற மனிதரிடம் யார் பேச முடியும். அவர் சொன்னதிலேயே கட்டிக் கொடுத்துவிட்டு மகள் போனாள்.

அரை வருஷம் ஆப் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு காலையில் திறந்தால் வெறும் வெள்ளைப் பக்கம். அந்த ஃப்ரேம்வொர்க்கின் புதுப் பதிப்பு வந்திருக்கிறது, வந்த அன்றே செயலாளர் ஏற்றிவிட்டார், அது மகள் முன்பு எழுதியிருந்ததோடு ஒத்துப்போகவில்லை. மகள் பையோடு வந்திறங்கினாள்.

“யாருப்பா உங்களை ஏத்தச் சொன்னது?” என்று இரண்டு நாள் திட்டிக்கொண்டே சரிசெய்தாள். எதிர்வீட்டில் வெங்காயம் வதங்கும் வாசனை இரண்டு நாளும் வந்தது.

அடுத்த பதிப்புக்கும் அதே கதை. அதற்கடுத்ததற்கும்.

முப்பது வருஷ அனுபவத்தைப் பற்றி நான் மாடிப்படியில் ஒருத்தரிடமும் சொல்லாமல் விடவில்லை. அவரிடமே நேராகக் கேட்டும்விட்டேன், மூன்றாவது தடவை ஆப் படுத்துக்கொண்ட அன்று. “அன்னிக்கே பொண்ணு பேச்சைக் கேட்டிருக்கலாமில்ல?”

“கேட்டிருக்கலாம்மா” என்றார். பளிச்சென்று சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, லிஃப்டையே பார்த்துக்கொண்டு நின்றார். வேலை கெட்டுப்போன மனிதருக்கு இவ்வளவு அலங்காரம் எதற்கு என்று அதையும் சேர்த்துச் சொல்லிச் சிரித்தோம்.

மகளுக்குக் கல்யாணம் ஆனது. கூட வேலை பார்க்கிற பையன்தான். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள், ஒரு மாதத்தில் இருவருக்கும் வெளிநாட்டில் வேலை. கிளம்புவதற்கு முந்தைய வாரம் முழுக்க அப்பா வீட்டிலேயே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

போகிற அன்று என்னிடம் வந்தாள். “ஆன்ட்டி, அப்பாவுக்கு இனிமே ஒரு தொல்லையும் கிடையாது. அந்த ஃப்ரேம்வொர்க்கை மொத்தமா எடுத்துட்டேன். வெறுமனே எழுதியிருக்கேன், எந்தப் புதுப் பதிப்பும் இதை ஒண்ணும் பண்ணாது. நான் இல்லாம அவர் கஷ்டப்படக் கூடாதுல்ல.”

பெற்றால் இப்படிப் பெற வேண்டும் என்று மூன்று மாடிக்கும் சொன்னேன்.

பத்து நாள் கழித்து ஸ்க்ரூடிரைவர் கேட்கிற சாக்கில் உள்ளே போனேன். அவர் எடுத்துவர அடுத்த அறைக்குப் போனார். மேஜையில் ஒரு கோப்பு திறந்து கிடந்தது. திறந்து கிடப்பதைப் படித்தால் தப்பில்லை என்பது என் கட்சி.

அலுவலகத்துக் கையெழுத்தில் ஒரு அட்டவணை. இடப்பக்கம் மூன்று ஃப்ரேம்வொர்க்கின் பெயர்கள். மேலே தலைப்புகள்: வேகம், அளவு, கற்கும் எளிமை. அந்தக் கட்டங்களில் ஒன்றிலும் பேனா படவில்லை.

கடைசித் தலைப்பில் மட்டும் நிரப்பியிருந்தார். ‘புதுப் பதிப்பு எப்போது வரும்.’ ஒன்றுக்கு இரண்டு வருஷம் என்று இருந்தது. இன்னொன்றுக்கு ஒன்றரை வருஷம். மூன்றாவதற்கு ஆறு மாதம்.

ஆறு மாதத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் இரண்டு வட்டம்.

ஸ்க்ரூடிரைவரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். படிக்கட்டில் நின்ற இரண்டு பேர் என்ன சேதி என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன்.

மகள் அங்கேயே வீடு வாங்கிவிட்டாள். ஆப் இன்றுவரை ஒருமுறைகூட நிற்கவில்லை.