கூப்பிட்டால் திரும்பணும்

"கருப்பண்ணா... டேய் கருப்பண்ணா! இங்க பாரு, அத்தை கையில என்ன இருக்குன்னு பாரு!"

நர்ஸ் மெர்சி கிலுகிலுப்பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு கூப்பிட்டாள். ஒன்றரை வயதுக் குழந்தை முதுகைக் காட்டியபடி உட்கார்ந்து, தாத்தாவின் தண்ணீர்ச் சொம்புக்குள் குச்சிக்கிழங்குத் தோலைத் திணித்துக்கொண்டிருந்தது. திரும்பவே இல்லை.

"போன மாசமும் இப்படித்தான் இருந்தான்," என்றாள் மெர்சி. சமவெளியிலிருந்து இந்த மலைக்கு மாற்றலாகி வந்து அவளுக்குச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

குழந்தையின் அம்மா பானுமதி அவசரமாகக் குறுக்கிட்டாள்.

"தலை நின்னது, குப்புற விழுந்தது, தவழ்ந்தது, எல்லாம் காலத்துல வந்துருச்சுங்க. ஆடி முடியறதுக்குள்ள நடந்துட்டானுங்க. பஸ்ஸு ஹாரன் அடிச்சா வாசலுக்கு ஓடறான். அம்மா, காக்கா, பூவா எல்லாம் சொல்றானுங்க."

"அதெல்லாம் சரிதான். காதும் நல்லாக் கேக்குது. ஆனா பேரைச் சொன்னா திரும்பணும் இல்ல? ஒரு வயசுலயே வந்திருக்கணும்."

"நான் கூப்பிட்டாத் திரும்புவானுங்க."

"எல்லா அம்மாவும் இதைத்தான் சொல்றீங்க. எங்க, பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க பார்ப்போம்."

பானுமதி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. காட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அழுகிறாள் என்று மெர்சி நினைத்துவிட்டாள். "பயப்படாதீங்க. வியாழக்கிழமை ராசிபுரத்துக்குக் குழந்தை வளர்ச்சி டாக்டர் வராங்க. நானும் அங்க இருப்பேன். சீக்கிரம் காட்டினா சரிபண்ணிடலாம்." பையை மாட்டிக்கொண்டே கேட்டாள்: "ஆமா, யாருங்க இந்தப் பேரை வெச்சது? பழைய காலத்துப் பேரா இருக்கே?"

"குடும்பப் பேருங்க."

மெர்சி ஒற்றையடிப் பாதையில் இறங்கினாள்.

"சாமி, நர்சம்மாவுக்கு டாட்டா சொல்லு," என்றாள் பானுமதி. குழந்தை சட்டென்று திரும்பிக் கையை ஆட்டியது. அதற்குள் மெர்சி மிளகுக்கொடிகளைத் தாண்டிப் போயிருந்தாள்.

சாயங்காலம் காட்டிலிருந்து வந்த மாமனார், சொம்பிலிருந்த கிழங்குத் தோலை வெளியே கொட்டினார். மருமகள் சொன்னதைக் கேட்டதும் அவருடைய முதுகு இன்னும் நிமிர்ந்தது. மலையூர்கள் சேர்ந்த திண்ணனூர் நாட்டில் அவரைக் கண்டால் பைக்கில் போகிறவர்கள்கூட இறங்கி, "வாங்க பெரியவரே" என்பார்கள். அந்த மரியாதை ஒரே நாளில் வந்ததல்ல.

"இத்தனை குறும்பு பண்றவனுக்கா புத்தி மந்தம்? எங்க வம்சத்துல அப்படி ஒருத்தன் பொறந்ததில்ல."

"நர்சம்மா புத்தி மந்தம்னு சொல்லலீங்க மாமா. காட்டச் சொல்றாங்க."

"மூளைக்கு வைத்தியம் பாக்கப் போனாங்கன்னு ஊரு பேசும். நாளைக்கு சுமித்ராவைப் பொண்ணு கேட்டு எவன் வாசப்படி ஏறுவான்?"

சுமித்ரா அவருடைய கடைசி மகள். பேச்சு தன்னைத் தொட்டதும் அடுப்படிக்குள் நழுவிவிட்டாள்.

"முரளி வரட்டும்," என்று முடித்தார் பெரியவர்.

பானுமதியின் கணவன் முரளி கேரளாவுக்கு லாரி ஓட்டிப் போயிருந்தான்.

"அவரு வர வரைக்கும் புள்ள வளராம நிக்குமுங்களா?" என்றாள் பானுமதி. அந்த வீட்டில் அவள் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. "என்னைய என்ன வேணா சொல்லுங்க மாமா. வியாழக்கிழமை மொதல் பஸ்ஸுக்கு நான் போறேனுங்க."

வியாழக்கிழமை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் பஸ் ஏறினாள். பின்னாலேயே கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியோடு மாமனாரும் ஏறினார்.

"பெரியவரே, வேட்டி பளபளங்குது! எங்கீங்க, சம்பந்தம் பேசவா?" என்றார் கண்டக்டர்.

"ராசிபுரத்துல ஜோலி."

மருமகளிடம் மட்டும் குரலைத் தணித்துச் சொன்னார்: "எங்க ஊட்டுப் பொம்பள தனியா மலை எறங்குனான்னு பேச்சு வரக் கூடாது. அதுக்குத்தான் வாரேன்." முன்சீட்டில் உட்கார்ந்தவர் முள்ளுக்குறிச்சி தாண்டியும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியிலும் உள்ளே வர மறுத்துவிட்டார். அறைக்கு வெளியே பெஞ்சில், திரைக்கு அந்தப் பக்கம், ஊன்றிய தடியைப் போல் உட்கார்ந்திருந்தார்.

உள்ளே டாக்டரம்மா மரக்கட்டைகளைக் கொடுத்தார். குழந்தை அடுக்கியது. பந்தைக் கேட்டார். உருட்டிவிட்டது. மின்விசிறி எங்கே என்றார். மேலே கையைக் காட்டியது.

"எல்லாம் அருமையாப் பண்றானே! இவனுக்கு என்ன குறை?"

"பேரைக் கூப்பிட்டா மட்டும் திரும்ப மாட்டேங்கிறான் டாக்டர்," என்றாள் மெர்சி. "மூணு மாசமா நானும் பார்க்கிறேன்."

பானுமதி புடவைத் தலைப்பை விரலில் சுற்றி இறுக்கினாள். டாக்டரம்மா எழுந்து குழந்தையின் பின்னால் போய் நின்றார்.

"கருப்பண்ணா!"

குழந்தை கட்டைகளிலேயே கண்ணாக இருந்தது. பானுமதியின் தலை தானாகக் குனிந்தது.

டாக்டரம்மா குரலை உயர்த்தினார். "டேய், கருப்பண்ணா!"

திரை விலகியது. மீசை துடிக்கப் பெரியவர் நின்றார்.

"யாரது, என் பேரைச் சொல்லி டேய் போடறது? எங்க ஆத்தா போனதுக்கப்புறம் எங்க ஊட்டுல அந்தப் பேரை ஒருத்தரும் வாயில எடுத்ததில்ல. என் பேரு வெச்ச புள்ளையவே எம் மருமக இன்னைக்கு வரைக்கும் 'சாமி'ன்னுதான் கூப்பிடறா!"