தனித் தட்டு

“பாப்பாவுக்கும் தனித் தட்டுதானுங்களா அத்தை?” என்று நாத்தனார் மகள் ஒருநாள் கேட்டாள். சிங்காநல்லூர் ஆஸ்பத்திரியின் ஆலோசனை அறையில் கர்ப்பிணி சாய்ப்ரியா அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். எச்ஐவியைக் கொடுத்தவன் புருசன். அவள் தட்டைப் பிரித்து வைத்தவள் மாமியார். “பிள்ளைக்கு ஒட்டாம இருக்கக் குடுத்த மாத்திரையை நிறுத்திப்போட்டேனுங்க. அந்தம்மா சொந்தப் பேரனுக்கும் தட்டைப் பிரிச்சு வெக்கட்டும்!” மேசைமேல் வெயில் கொதிக்கிறது. ஆலோசகர் நித்யஸ்ரீ திட்டவில்லை. சாய்ப்ரியா வாய் வைத்துக் குடித்த தண்ணீர்ப் பாட்டிலை வாங்கி, தானும் வாய் வைத்துக் குடிக்கிறார். “அந்தத் தட்டுல உங்க மாமியாரா கண்ணு சாப்பிடப்போறாங்க?” என்று கேட்டுவிட்டு, டீ வாங்கிவர வெளியே போகிறார். சாய்ப்ரியா பையைத் துழாவி மாத்திரையை எடுக்கிறாள். ஆத்திரம் தணியவில்லை. “உன்ற அப்பன் கணக்கு பாக்கிதான், சாமி. உனக்குப் பட்ட கடனைத் தீத்துப்போடறேன்” என்று வயிற்றிடம் முணுமுணுத்து, ஆளில்லாத அறையில் அதை விழுங்குகிறாள்.