மீதிக் கூழ்

அருள்தாஸின் மனைவி பெல்சியா காலையில் காய்ச்சி வைத்துவிட்டுப் போன கேழ்வரகுக் கூழில் குழந்தை பாதியை மிச்சம் வைத்திருந்தாள். மாலையில் அவள் மறுபடி பசித்து அழுதபோது, உணவைச் சோதித்துச் சூடாக்கித் தரும் பேசும் உணவுப்பெட்டி அதைச் சூடாக்க மறுத்தது.

"எச்சில் பட்டது. குழந்தைக்கு ஆகாது."

புதிதாகக் காய்ச்சச் சோம்பிய அருள்தாஸ், "எனக்குத்தான்" என்றான். பெட்டி நம்பிச் சூடாக்கித் தந்தது. அதை மகளுக்கு ஊட்டினான்.

மறுநாள் மருத்துவமனையில், வாந்தியும் பேதியுமாகக் குழந்தை அவன் மடியில் துவண்டு கிடந்தாள். பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகும் பெல்சியாவின் அழுகை ஓயவில்லை.

"அவசரத்துல நான்தான் கூழ சரியா காய்ச்சாம விட்டுட்டேன் போல."

அருள்தாஸால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"உன்மேல தப்பில்ல. பெட்டி வேண்டாம்னுதான் சொல்லுச்சு. எனக்குன்னு பொய் சொல்லி நான்தான் ஊட்டினேன்."

அவள் குழந்தையைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டாள்.