பதினாலாவது குறை

"இன்னும் கையெழுத்து போடலையா சார்?"

"எப்படிப் போடறது? பதினாலாவது குறை அப்படியே இருக்கே."

புரோகிராமருக்குச் சுர்ரென்று ஏறியது. மணி நாலு. ஐந்துக்குள் கையெழுத்தான தாள் மேனேஜர் மேசைக்குப் போகாவிட்டால் ஒப்பந்தம் ரத்து.

அந்த மருத்துவமனையின் இணையதளத்தில் அறுநூறு பக்கங்கள். உள்ளே வேலை பார்ப்பவர்களுக்கு அத்தனையும் கிளை கிளையாக ஒரு பட்டியலில் தெரியும். 'ட்ரீ' என்பார்கள். அம்புக்குறியைத் தட்டினால் கிளை விரியும். ஒரு பக்கத்தை மவுஸால் பிடித்து இழுத்தால் வேறு கிளைக்குப் போய்விடும். அதைச் சீர்படுத்தத்தான் புரோகிராமர் வந்திருந்தார். அதைச் சோதித்து, குறைகளை எண் போட்டு எழுதி, எல்லாம் சரியானதும் கையெழுத்துப் போட வேண்டியவருக்கு ஆபீஸ் வைத்த பெயர் பூதக்கண்ணாடி.

"அம்புக்குறி கடுகு மாதிரி இருக்குன்னீங்க. பெருசாக்கினேன். வரிக்கு வரி இடைவெளி கேட்டீங்க. விட்டேன். இப்ப என்ன?"

"கை தவறி இழுத்துட்டா பக்கம் சொல்லாம கொள்ளாம போயிடுது. 'நகர்த்தவா?'ன்னு ஒரு வார்த்தை கேக்கணும்."

"ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கிட்டிருந்தா மனுஷன் வேலை பாக்க வேண்டாமா?"

"கேக்கட்டும்."

"மூணு வாரமா பாக்கறேன், நீங்க மவுஸையே தொடறதில்ல. எல்லாம் கீபோர்டுதான். உங்களுக்கு எதுக்கு சார் இதெல்லாம்?"

பூதக்கண்ணாடி கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த சீட்டில் இருந்த, எல்லோருக்கும் அக்காவான சீனியர் ஆபரேட்டர், தலையைக் குனிந்துகொண்டாள்.

புரோகிராமர் விடவில்லை.

"போன மாசம் அவசர சிகிச்சைப் பக்கத்தைத் தூக்கி, வெளியில தெரியாத பழைய பக்கங்களோட போட்டது நீங்கதானே? ரெண்டு மணி நேரம் ஆம்புலன்ஸ் நம்பர் கிடைக்காம ஜனங்க தவிச்சாங்க. உங்க கவனக்குறைவுக்கு என் உயிரை வாங்கணுமா?"

அன்று மேனேஜர் போட்ட சத்தம் யாருக்கும் மறக்கவில்லை. பூதக்கண்ணாடிக்கு வரவேண்டிய பதவி உயர்வு அன்றோடு போயிற்று. இனி ஒருமுறை நடந்தால், செய்தது யாரானாலும் வீட்டுக்குப் போகலாம் என்று உத்தரவு.

"ஆமா, நான்தான்," என்றார் பூதக்கண்ணாடி. "அதனாலதான் கேக்கறேன். மணி நாலு பத்து."

புரோகிராமர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நாலு ஐம்பதுக்கு எழுந்தார்.

"முடிஞ்சுது. உங்க கம்ப்யூட்டர்லயே காட்டறேன், வாங்க."

"என்னுதுல வேண்டாம். அக்காதுல போடுங்க."

அக்கா தயங்கினாள். மடியில் வைத்திருந்த வலது கையை எடுத்து மவுஸின் மேல் வைத்தாள். இடது கையால் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தும் அது நடுங்கியது. அம்புக்குறியைத் தொடப் போனவளின் பிடியில் அவசர சிகிச்சைப் பக்கம் சிக்கி, வழுக்கி, பழைய பக்கங்களின் மேல் போய் நின்றது.

'நகர்த்தவா?' என்றது திரை.

அக்கா இடது கையால் எஸ்கேப் பட்டனைத் தட்டினாள். பக்கம் பழைய இடத்துக்கே திரும்பியது. அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

புரோகிராமர் மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன பாக்கறீங்க? போன மாசம் தூக்கிப் போட்டது நான்தான்னு எழுதியே குடுத்திருக்கேன்," என்று பேனாவைத் திறந்தார் பூதக்கண்ணாடி. "கையெழுத்து எங்க போடணும்?"