பெயர் கேட்ட கனவு

கப்பலில் வேலை பார்க்கும் கணவரைக் கோமதி தினமும் மதியத் தூக்கத்தில், இருவருக்குமான கனவில்தான் சந்திப்பாள். இன்று கனவுச் சேவை நிறுவனத்தார் யாரையும் கேட்காமலே கனவைப் புதுப்பித்திருந்தார்கள். ஆற்றங்கரை அதேதான், தண்ணீர்மேல் மட்டும் புதிதாகப் பால்போல ஒரு பனி. அவர் முதுகைக் காட்டி நின்றார்.

"என்னங்க..."

"அப்படி ஒருவர் இங்கு இல்லை" என்றது காற்று. "பெயர் சொல்லி அழைக்கவும். பழைய முறையே வேண்டுமென்றால் மாதச் சந்தா கட்டவும்."

"இருபத்தாறு வருசமா இப்படித்தான கூப்பிடுதேன்!" என்று சீறினாள் கோமதி.

பனி அவரை மூடத் தொடங்கியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாழ்க்கையில் முதன்முறையாகச் சொன்னாள்.

"ஆவுடையப்பன்."

அவர் திரும்பினார். முகமெல்லாம் வெட்கம்.

"பழையபடி கூப்பிடச் சந்தா கட்டணுமாம்" என்றாள், தலை நிமிராமல்.

"கட்டாத" என்றார். "இன்னொரு தடவ சொல்லு."