இருபத்து நான்காவது நாற்காலி

"உள்ள வாங்க சார். பானையில தண்ணி இருக்கு, நீங்களே மொண்டு குடிச்சிக்குங்க."

மேசைக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்திருந்த தபீதாள், அமர்ந்தபடியே வரவேற்றார்.

ஜமீருக்குச் சுருக்கென்றது. முப்பது ஆண்டுகள் வங்கியில் பணியாற்றி, மேலாளராக ஓய்வு பெற்றவர் அவர். இப்போது ஓர் அறக்கட்டளையின் சார்பில், நிதி கேட்டு விண்ணப்பிக்கும் சிறு சங்கங்களை நேரில் பார்த்து அறிக்கை எழுதுபவர். காலையில் பார்த்த இரண்டு சங்கங்களிலும் வாசலிலேயே சால்வை போர்த்தி, இளநீர் கொடுத்தார்கள். இங்கேயோ செயலாளர் எழுந்திருக்கக்கூட இல்லை.

அஸ்தினாபுரத்தில் ஒரு கடை அளவே இருந்த அறை அது. நோயாளிகளுக்குச் சக்கர நாற்காலி, வாக்கர், தண்ணீர்ப் படுக்கை ஆகியவற்றை வாடகையின்றி இரவல் தரும் சங்கம் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தார்கள். அறையோ துடைத்து வைத்தாற்போல் வெறுமையாக இருந்தது.

"பொருளெல்லாம் எங்கேம்மா?"

"வேலைக்குப் போயிருக்கு சார்."

அருகில் நின்ற பொருளாளர் ஜெஃப்ரி கையைப் பிசைந்தார். "நான் அப்பவே சொன்னேனேக்கா! ரெண்டு சேரையாவது இன்னைக்கு ஒருநாள் திருப்பி வாங்கி வெப்போம்னு. இப்ப பாருங்க, சார் பார்க்க ஒண்ணுமே இல்லை."

"யாரை இறக்கி விட்டுட்டு வாங்கி வெக்கிறது? குன்றத்தூர் கிளியம்மாளையா? சார் என்ன, பொருட்காட்சிக்கா வந்திருக்கார்?"

ஜமீர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "மூணு லட்சம், இந்த வருஷம் ஒரே ஒரு சங்கத்துக்குத்தான். தெரியுமில்லையா?"

"தெரியும் சார். நாப்பத்தோரு பேர் எங்க வரிசையில காத்துக்கிட்டிருக்காங்க. அதுவும் தெரியும்."

"சரி, உங்களைப் பத்திச் சொல்லுங்க. அறிக்கையில எழுதணும்."

"சங்கத்தைப் பத்திக் கேளுங்க சார், நாள் முழுக்கச் சொல்றேன். என்னைப் பத்தி எழுத என்ன இருக்கு? இதைப் பாருங்க." மேசையோரத்தில் கயிற்றில் கட்டியிருந்த பதிவேட்டை எட்டி இழுத்து அவர் முன் வைத்தார்.

திமிர்தான் என்று முடிவு கட்டியபடி ஜமீர் பக்கங்களைப் புரட்டினார். ஆனால் பதிவேடு அவர் மனத்துக்குப் பிடித்தமான முறையில் இருந்தது. நாற்காலி ஒவ்வொன்றுக்கும் முதுகில் மஞ்சள் வண்ணத்தில் எண். வெளியே போகும் முன் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டவரின் கையொப்பம். வாங்கியவர், தெரு, திரும்பும் நாள். மொத்தம் இருபத்து மூன்று நாற்காலிகள். இருபத்து மூன்றும் வெளியே.

கடைசி வரியில் அவருடைய விரல் நின்றது. அன்றைய தேதி. 'ஸ்நேகா, கோவிலம்பாக்கம். கால் எலும்பு முறிவு. பிளஸ் டூ தேர்வு. சக்கர நாற்காலி ஒன்று.' எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு.

"உங்ககிட்ட இருக்கிறது இருபத்து மூணு. எல்லாம் நேத்தே வெளியில. இன்னைக்குக் காலையில இருபத்து நாலாவது எங்கேருந்து வந்துச்சு?"

"காலையில ஏழு மணிக்கு அந்தப் பொண்ணோட அப்பா வந்து நின்னார் சார். பத்து மணிக்குப் பரீட்சை. இல்லைன்னு சொல்ல வாய் வரலை. எப்படியோ ஒண்ணு கெடைச்சுது."

"எப்படியோன்னா?"

"சார், அது வந்து... அக்காதான்..." என்று ஜெஃப்ரி தொடங்கினார்.

"ஜெஃப்ரி!"

தபீதாள் அதட்டினார்.

"இருக்கிறதுக்கு மேல குடுத்ததா எழுதினா, அதுக்குப் பேரு பொய்க் கணக்கும்மா. அறக்கட்டளையில அதை ஒத்துக்க மாட்டாங்க."

"அதுல ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை சார்." தபீதாளின் குரல் தாழவில்லை, தலையும் தாழவில்லை.

ஜமீர் விடைபெற்று எழுந்தார். தபீதாள் இருந்த இடத்திலிருந்தே கைகூப்பினார். வாசலில் படிக்குப் பதிலாக அமைந்திருந்த சிமென்டுச் சரிவு வரை, முகம் வாடிய ஜெஃப்ரி மட்டுமே உடன் வந்தார்.

காரில் அமர்ந்ததும் ஜமீர் அறிக்கைத் தாளை எடுத்தார். 'பதிவேடு நம்பத்தக்கதன்று. செயலாளரிடம் பணிவு இல்லை. பரிந்துரைக்க இயலாது.' கையெழுத்துக்காகப் பேனாவை ஊன்றியபோது, எதிரில் ஓர் ஆட்டோ வந்து நின்றது.

"ஜெஃப்ரி சார்! இன்னா, இங்கியே நின்னுகினு கீறீங்க? இந்தாங்க சேரு!" ஆட்டோ ஓட்டுநர் தயாளன், மடித்த சக்கர நாற்காலியை இறக்கினார். "அந்தப் பொண்ணு பரீச்சைய சூப்பரா எழுதிச்சாம். அக்காவாண்ட கண்டிப்பா சொல்லச் சொல்லிச்சு."

அந்த இருபத்து நான்காவது நாற்காலி! பேனாவை மூடாமலே ஜமீர் இறங்கி, அதன் முதுகைப் பார்த்தார். மஞ்சள் எண் இல்லை. நாள்பட்ட உழைப்பில் கைப்பிடி மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. யாரிடமிருந்து வாங்கினீர்கள் என்று இன்றைக்குக் கேட்டுவிடுவதே சரியென்று, சரிவின் வழியே அவர்களுக்குப் பின்னால் விடுவிடுவென்று உள்ளே நுழைந்தார்.



ஜெஃப்ரியும் தயாளனும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடிக்க, பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து அந்தச் சக்கர நாற்காலிக்கு மாறி அமர்ந்த தபீதாள், சேலையைக் கால்களின் மேல் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார்.

"அடடே, இன்னும் கிளம்பலையா சார்? நல்லதாப் போச்சு, வாங்க... இப்ப உங்களை வாசல் வரைக்கும் வந்து நானே வழியனுப்பறேன்."