ஜோபிக்கு அடியில் இருந்த நீலம்

மண்ணூர் சர்ச் மாதர் சங்கத்தின் கண்காட்சியில், பழந்துணித் துண்டுகளை இணைத்துத் தைத்த போர்வைகள் கொடி கொடியாகத் தொங்குகின்றன. ஜன்னல் வெயில் அவற்றின் கட்டங்களில் ஏறி இறங்குகிறது. சலோமியின் பையில் பதினொரு பக்கக் கதை இருக்கிறது. மொழிபெயர்ப்பு நாவல்களில் மட்டுமே அவள் கண்ட பனி அதில் விடாமல் பெய்கிறது. ஆனால் அதில் வரும் ஒரு ஆள்கூட உயிரோடு எழுந்து நடக்கவில்லை. சபை மலருக்குக் கதை தர இன்றுதான் கடைசி நாள். முடியவில்லை என்று சங்கத்தாரிடம் சொல்லிவிடத்தான் வந்திருக்கிறாள்.

கடைசிப் போர்வையின் நடுவில் வெளுத்த கம்பெனிச் சட்டைத் துண்டு ஒன்று ஜோபியோடு, அதாவது சட்டைப்பையோடு, இருக்கிறது. ஜோபியின் ஒரு பக்கம் பிரிந்து தொங்குகிறது. "இன்னாக்கா, ஜோபிய எடுக்க மறந்துட்டியா?" என்று சலோமி கேட்கிறாள். "உங்க அண்ணன் பீடி வச்சிக்கத்தான் வுட்டு வச்சேன்" என்று அதைத் தைத்த அன்னபுஷ்பம் தன் கணவனைச் சொல்லிச் சிரிக்கிறாள். "எடுக்கத்தாண்டி பிரிச்சேன். உள்ள பாரு, மனசு வரல." சலோமி விரலால் விலக்குகிறாள். எட்டு வருஷ வெயிலும் சோப்பும் தொடாத அந்த இடத்தில், வாங்கிய அன்றைய நீலம் அப்படியே இருக்கிறது. விரலை எடுக்காமலே கேட்கிறாள்: "அண்ணன் இத்த மொத மொதல்ல போட்டுக்கினு வேலைக்குப் போன அன்னிக்கி இன்னா நடந்துச்சி?" அன்னபுஷ்பத்தின் முகத்தில் வெட்கம் படர்கிறது. "அத்த ஏன் கேக்குற! பட்டன மாத்திப் போட்டுக்கினு கெளம்பிட்டாரு. நானு கூட்ரோடு வரிக்கும் பின்னாலியே ஓடனேன்." சலோமி சம்மணம் போட்டு உட்கார்ந்து பேனா மூடியைக் கழற்றுகிறாள். "மெதுவா சொல்லுக்கா. கால்ல செருப்பு இருந்துச்சா?"